மூன்று மாரி கண்ட குக்ரி

வளவு வேலைக்கென்று குக்ரி என்னும் வளைந்த நேபாளக் கத்தியை வாங்குபவர்கள் நீளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்கவேண்டியது முதுகின் தடிப்பையும் பாரத்தையும். வேலிக் கதியால், பூவரசங்கொப்பு, பனைமட்டை, அடுப்பு விறகு ஆகியவற்றுக்கு 10 அங்குல அலகும் 8 மில்லிமீற்றர் முதுகும் 600 கிராமுக்குள் பாரமும் போதும். 12 மில்லிமீற்றர் முதுகோடு வரும் ஆங்கோலா வகை விறகை அருமையாகப் பிளக்கும். ஆனால் வேலி நீளத்துக்கு வெட்டிக்கொண்டு போனால் அரை மணித்தியாலத்தில் மணிக்கட்டு சோர்ந்துவிடும். மெலிந்த சிருபாத்தே வகை பற்றை வெட்டத்தான் நல்லது. காய்ந்த வேம்பில் போட்டால் துள்ளும்.

இரும்பு பெரும்பாலும் பழைய லொறி வில்லுத் தகடு. அடித்து முடித்ததும் கேத்திலால் கூர்ப்பக்கத்தில் மட்டும் தண்ணீர் வார்த்துச் சூட்டிரும்பைக் கடினமாக்குவார்கள், இதுதான் துவைச்சல். அதனால் முன்னே அகன்றிருக்கும் வயிற்றுப்பகுதி கடினமாகவும், முதுகும் பிடியடியும் சற்று மெதுவாகவும் இருக்கும். கத்தி கைக்கு வந்ததும் சிறிய அரமொன்றை வயிற்றின் கூரோரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் துவைச்சல் சரி. அலகின் பிடியடியில் இருக்கும் சிறு பள்ளவெட்டுக்குப் பக்கத்தில் அதே அரம் கடிக்கும், அது குறையல்ல. வயிற்றிலும் கடித்தால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை தரம் தீட்டினாலும் கூர் மடிந்துகொண்டே இருக்கும்.

பிடியில்தான் கூடுதலான தொல்லை. அலகின் வால் உள்ளே மறைந்திருக்கும் பிடியை லாகா என்னும் பிசினால் ஒட்டுவார்கள். சூட்டில் அது இளகும். சித்திரை வெயிலில் முற்றத்தில் போட்டுவைத்தால் ஆடத் தொடங்கும். இரும்பு பிடி முழுவதும் ஓடி, இருபக்கமும் பலகை வைத்து ஆணி அடித்த பானாவல் வகைக்கு அந்தப் பயமில்லை. பாரம் கொஞ்சம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிடியின் நடுவில் இருக்கும் வளையம் விரலை உரசிக் கொப்புளம் போடும். 120 சாண்ட் பேப்பரால் அதைத் தேய்த்துத் தணித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும்.

கதியால் வெட்டும்போது கவனம் தேவை. குக்ரியின் கூர் இரண்டு பக்கமும் புடைத்தது, ஆப்பு மாதிரி நுழையும். பச்சைக் கிளுவையில் நேரே போட்டால் பட்டை நசுங்கிக் கிழியும். நசுங்கிய முனை நட்டால் அழுகும். கொப்பை மரக்குற்றியில் வைத்து, சரிவாக, வயிற்றுப்பகுதி படும்படி ஒரே போடாகப் போடவேண்டும். காய்ந்த பனைமட்டை கத்தியின் கூர்மையை வேகமாகத் தின்னும். அடிமட்டையின் நார் அலகைக் கவ்வினால் பக்கவாட்டில் முறுக்காதீர்கள். வெட்டுவாயில் பல் விழுவது அப்படித்தான். வந்த வழியிலேயே இழுத்தெடுங்கள். உயரக் கொப்புக்குக் கொக்கத்தடிதான்.

கிரைண்டரில் தீட்டக் கொடுக்கவே கூடாது. ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் துவைச்சல் போய்விட்டது. பழைய சைக்கிள் ரியூப்பைப் பலகையில் விரித்து அதன்மேல் 400, பிறகு 800 சாண்ட் பேப்பர் வைத்து, முதுகு முன்னே போகும்படி அலகை இழுத்தால் புடைப்புக் கெடாமல் கூர் ஏறும். ரப்பர் கொஞ்சம் அமிழ்வதுதான் இதில் விசயம். உறையோடு வரும் இரண்டு சிறிய கருவிகளில் கூரில்லாதது சக்மக். வேலைக்கு நடுவே மடிந்த கூரை நிமிர்த்த அதை ஓரத்தில் அழுத்தி இழுக்கலாம்.

உப்புக்காற்றுக்கு இந்த இரும்பு தாங்காது. கிளுவைப் பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தையல் மெசின் ஒயில் பூசுங்கள். மாரியில் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து ஒரு கிழமைக்குள் புள்ளி புள்ளியாகத் துருவேற்றும். கடதாசியில் சுற்றி வைத்தால் போதும்.

உறையிலிருந்து எடுக்கும்போது, உறையைப் பிடித்த கையின் விரல்கள் கூர்ப்பக்கத்தைச் சுற்றியிருக்கக் கூடாது. உறை என்பது இரண்டு மரப்பாதிகளை ஒட்டி மேலே தோல் போர்த்தது. அந்தப் பொருத்தை அலகு அறுத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். முதுகுப்பக்கத்தை உள்ளங்கையில் வைத்து, அலகின் முதுகு உறையோடு உரசிக்கொண்டு வரும்படி இழுக்கவேண்டும்.