பஞ்சதந்திரமா, பூச்சாண்டியா, சாதாரணப் பிள்ளையின் கதையா? பழக்கம் சொல்லித்தர எது உதவும்

குழந்தைக்கு ஒரு நல்ல நீதிக்கதைப் புத்தகம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், எதற்கு என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். பொய் சொல்லாமல் இருக்கவா, தம்பியோடு பொம்மையைப் பங்கு போடவா, ராத்திரி பல் தேய்க்கவா, கீரை சாப்பிடவா? எல்லாமே ஒரே புத்தகத்தில் இருப்பதாக அட்டையில் போட்டிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு வகைக் கதையும் ஒவ்வொரு வேலையைத்தான் செய்கிறது, சிலது நாம் நினைக்கிற வேலையைச் செய்வதே இல்லை.

முதலில் பஞ்சதந்திரம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் முதலில் வாங்குவது அதைத்தான். அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். அமரசக்தி என்ற அரசனுக்குப் படிப்பே ஏறாத மூன்று மகன்கள், அவர்களை ஆறே மாதத்தில் தேற்றிக் காட்டுகிறேன் என்று விஷ்ணு சர்மா பொறுப்பெடுக்கிறார், அப்படித்தான் நூல் தொடங்குகிறது. நாளை நாட்டை ஆளப்போகிற பிள்ளைகளுக்கான பாடம் இது. யாரை நம்பலாம், பகைவன் எப்படி இனிக்க இனிக்கப் பேசுவான், அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் அருமையாக இருக்கிறது. பாம்பைக் கொன்று குழந்தையைக் காப்பாற்றிய கீரியை, வாயில் ரத்தம் இருக்கிறதே என்று அடித்துக் கொன்ற அம்மாவின் கதையைக் கேட்ட பிள்ளை அதைச் சுலபத்தில் மறக்காது. ஆனால் முதல் பகுதியான மித்திரபேதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிங்கலகன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற எருதும் நண்பர்கள், தமனகன் என்ற நரி இரண்டு பக்கமும் கோள் மூட்டுகிறது, சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது, நரி அமைச்சராகச் சௌக்கியமாக இருக்கிறது, அதற்குத் தண்டனையே இல்லை. பிற்பாடு எட்டாம் நூற்றாண்டில் 'கலீலா வ திம்னா' என்று அரபிக்குப் போனபோது அந்த நரியை விசாரித்துத் தண்டிக்கிற ஓர் அத்தியாயமே புதிதாகச் சேர்ந்தது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் மூலக்கதையைச் சொல்லிவிட்டு, "பாத்தியா, கோள் சொல்லக் கூடாது" என்றால், "நரிதானே ஜெயிச்சுது?" என்றுதான் அது கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது. எட்டு ஒன்பது வயதில் இதே கதையைச் சொன்னால், ஏன் சிங்கம் நேராக எருதிடமே போய்க் கேட்கவில்லை என்று ஒரு நல்ல பேச்சு அதிலிருந்தே கிளம்பும்.

சரி, பகிர்ந்து கொடுக்கிற பழக்கத்துக்கு மிருகக் கதை உதவுமா? டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2017இல் வெளியான ஆய்வு. ஒரே கதைதான், ஒரு குழுவுக்கு அதில் மனிதர்கள், இன்னொரு குழுவுக்குச் சட்டை போட்டுக்கொண்ட மிருகங்கள். பிறகு பிள்ளைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, ஒன்றும் கிடைக்காத இன்னொரு பிள்ளைக்கு எத்தனை தருவாய் என்று பார்த்தார்கள். மனிதர் கதை கேட்டவர்கள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள், மிருகக் கதை கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. யோசித்தால் புரிகிறது: அந்தக் கரடி வேறு, நான் வேறு என்று சின்னப் பிள்ளைக்குத் தோன்றுவது இயல்புதானே.

அடுத்தது பயமுறுத்தும் கதை. சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான், விதையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும், பல் தேய்க்காவிட்டால் டாக்டர் ஊசி போடுவார். அந்த நிமிஷத்துக்கு ஒரு வாய் சோறு உள்ளே போகும், மறுக்கவில்லை. ஆனால் டாக்டரையே பூச்சாண்டியாக்கி வைத்துவிட்டு, நிஜமாகக் காய்ச்சல் வரும்போது அதே பிள்ளையை அவரிடம் எப்படித் தூக்கிக்கொண்டு போவது? உண்மை பேசும் பழக்கத்துக்கும் பயக்கதை உதவவில்லை என்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. அதே டொராண்டோவில் காங் லீ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்டது, மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்து. 'புலி வருது' போல, ஓநாய் வருது என்று பொய்க்கூச்சல் போட்ட பையன் கதையும் மூக்கு நீளும் பினாக்கியோ கதையும் எந்த மாற்றமும் தரவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதை மட்டும் பிள்ளைகளை உண்மை சொல்ல வைத்தது. அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றியதும் அந்தப் பலன் காணாமல் போனது. (வாஷிங்டன் மரம் வெட்டிய கதை பிற்காலத்தில் கட்டியது, அது வேறு விஷயம்.) பொய் சொன்னால் அடி விழும் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். உண்மையைச் சொன்னால் அப்பா கட்டிப்பிடிப்பார் என்பதுதான் அதற்குத் தெரியாத செய்தி.

ஆகவே பல் தேய்ப்பது, சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவுவது, காய் சாப்பிடுவது மாதிரிப் பழக்கங்களுக்கு என் ஓட்டு சாதாரணப் பிள்ளைகள் வரும் படக்கதைகளுக்குத்தான். நம்ம தெரு, நம்ம அடுக்களை, பிடிவாதம் பிடிக்கிற ஒரு பெண், அவள் ஒரு நாள் ஒரு வாய் முருங்கைக்கீரை தின்று பார்க்கிறாள், அவ்வளவு போதும். காய்கறி விஷயத்தில் கதைகூட வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில், பிள்ளை தொடத் தயங்கும் காயைப் பற்றிய படப்புத்தகத்தை இரண்டு வாரம் வீட்டில் சேர்ந்து பார்க்கச் சொன்னார்கள், அந்தக் காயைத் தின்று பார்க்கும் விருப்பம் கூடியது. செடி, சந்தை, நறுக்குவது, தட்டு என்று வெறும் படங்கள்தான். புடலங்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் இதை நாமே ஒரு நோட்டில் வரைந்துவிடலாம். ஒரு தடவை துப்பிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், புதுக் காய் பழக எட்டுப் பத்து முறை ருசி காட்ட வேண்டியிருக்கும், கூடவும் ஆகலாம்.

காசு செலவில்லாமல் வேண்டும் என்றால், பெங்களூரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம், வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம். மொழிபெயர்ப்பு சில இடங்களில் விறைப்பாக இருக்கும், அதை உங்கள் வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்லிவிடுங்கள். அச்சுப் புத்தகம் என்றால் சென்னையின் தூலிகா பதிப்பகத்தின் படப்புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் நான் வேதாளத்தின் பக்கம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் பல தலைமுறை படித்த அந்த அமைப்பில், நீதி என்று எதையும் கட்டம் போட்டு எழுதுவதில்லை, கேள்விதான் வருகிறது: மூன்று பேரில் யார் செய்தது பெரிய தியாகம்? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டல் வேறு. விக்கிரமாதித்தனின் பதிலைப் படிப்பதற்கு முன் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். அது விக்கிரமாதித்தனோடு ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று கேட்டுவிட்டு முழுசாகச் சொல்லவிடுங்கள்.