படகு விற்பவர்கள் கவனம்: பச்சை டிக்கை நம்பி 1,85,000 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘சரி, தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன், அது செக் கொடுத்து என்னை ஏமாற்றிய ஆளுக்குத்தான் லாபம். ஆன்லைனில் பழைய படகு விற்க நினைப்பவர்கள், குறிப்பாகத் தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள், முழுசாகப் படியுங்கள். என்னென்ன செய்யணும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் விற்றது எண்டர்பிரைஸ் வகைப் பாய்மரப் படகு. நீலப் பாய் கட்டி ஓடுமே, அது. ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்தது. 13 அடிக்குக் கொஞ்சம் மேலே நீளம், இரண்டு பேர் ஓட்டுவது. படகுக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் முழங்கால் தண்ணீரிலும் போகும் என்பதால் தேங்காய்ப்பட்டணம் பொழிக்கும் பூவார் காயலுக்கும் அவ்வளவு தோது. இரண்டு செட் பாய், புதிதாக மாற்றிய ஸ்டெயின்லெஸ் கம்பிகள், லைஃப் ஜாக்கெட்டுகள், தார்ப்பாய் உறை, வின்ச் வைத்த டிரெய்லர், டிரெய்லருக்கு முறையான ஆர்சி. எல்லாம் சேர்த்து 2,25,000 கேட்டேன். அதிகமில்லை என்பது படகு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஓய்ந்து ஓணம் வரும் நேரம், பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் விளம்பரம் போட்டேன். ‘சரிபார்க்கப்பட்ட வாங்குபவர்கள் மட்டும்’ தொடர்புகொள்ள வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம். அதையும் கட்டினேன். வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. பூவார் பக்கம் ரிசார்ட் நடத்துகிறாராம்.

வந்ததும் விலையே பேசவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரெய்லருக்கு அடியில் குனிந்தார். நடுப்பலகை இறங்கும் பெட்டியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய், “இவிடெ கசிவு உண்டோ சேட்டா?” என்றார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பாயை விரிக்கச் சொல்லி போட்டோ எடுப்பார்கள். கசிகிற இடம் அதுதான் என்று தெரிந்தவன் படகு ஓட்டிப் பழகியவன். பின்பலகையில் இருந்த தண்ணீர் அடைப்பைத் திருகி எடுத்து, வாஷரை நகத்தால் அழுத்திப் பார்த்து, இதை மாற்றணும் என்றார். பாய்மரத்தை நிறுத்தச் சொல்லிக் கம்பி கம்பியாக இழுத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரி கட்டன்சாயா கொடுத்தாள். குடித்துக்கொண்டே காற்று எந்த மாதம் எப்படி வீசும் என்று பேசினார். அந்தப் பேச்சில் விழாமல் யார்தான் இருப்பார்கள்?

அங்கேயே 40,000 யுபிஐயில் வந்தது. மீதி 1,85,000-க்குச் செக். யுபிஐயில் ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல் போகாது, ரிசார்ட் கணக்கில் செக் மட்டும்தான் என்றார். “சந்தேகம் வேண்டா, பேங்கில் போட்டுட்டே வண்டி எடுக்கலாம்” என்று அவரே கூப்பிட்டார். சேர்ந்தே போனோம். கவுண்டரில் சீல் வைத்த அடிச்சீட்டு என் சட்டைப்பையில், படகு அவர் வண்டிக்குப் பின்னால். மறுநாள் தொடங்கி ஓண விடுமுறை. நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறான்!

விடுமுறை முடிந்ததும் செக் திரும்பியது: ‘கணக்கு முடிக்கப்பட்டது’. போன் செய்தால் “ஓணத்திரக்கு கழியட்டே சேட்டா”, அதாவது ஓண நெரிசல் முடியட்டுமாம். அப்புறம் கணக்குப் பார்க்கிற பையன் லீவு. அப்புறம் ஒரு பெண் எடுத்து ராங் நம்பர் என்றாள். இப்போது சுவிட்ச் ஆஃப். அவன் சொன்ன இடத்தில் போய் விசாரித்தால் அப்படி ஒரு ரிசார்ட்டே இல்லை.

ஆப்காரர்களிடம் எழுதினால் முதலில் எந்திரம் பதில் சொல்கிறது, எங்களுக்கு உங்கள் நம்பிக்கை முக்கியம் என்று. கத்திக் கத்தி ஒரு மனுஷனைப் பிடித்தால், பணப் பரிமாற்றம் எங்கள் ஆப்புக்கு வெளியே நடந்தது, நாங்கள் பொறுப்பில்லை என்கிறார். அப்படியானால் பச்சை டிக்? அது போன் நம்பருக்கு ஓடிபி வந்ததற்கான அடையாளமாம்! பத்து ரூபாய் சிம்முக்கும் ஓடிபி வருமே ஐயா. இதற்கா என்னிடம் தனியாகக் காசு வாங்கினீர்கள்?

எங்கள் பக்கத்து ஸ்டேஷனில், வாங்கினவன் கேரளாக்காரன், அங்கே போய்க் கொடுங்கள் என்றார்கள். அங்கே போனால், “செக் வாங்ஙியது தமிழ்நாட்டில் அல்லே?” படகு என்றதும் மரைன் போலீஸைப் பாருங்கள் என்று ஒருவர். படகு கடலில் போகவில்லை சார், ரோட்டில் போச்சு. 1,85,000 ரூபாய், எல்லைக் கோட்டில் நிற்கிறது.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை, வக்கீலைப் பார்க்கப் போகணும். அவசரத்துக்கு இவ்வளவு: அடிச்சீட்டு பணம் ஆகாது. பேங்கிலிருந்து பேங்குக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து விடுமுறையிலும் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஆகவே விடுமுறை என்ற சாக்கு செல்லாது. உங்கள் கணக்கில் ஏறினபிறகு டிரெய்லரைக் கொடுங்கள். ஆர்சியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30-இல் கையெழுத்தும் அதற்குப் பிறகுதான். என் டிரெய்லர் இன்னும் என் பெயரில் ஓடுகிறது, யார்மீதாவது இடித்தால் ஆள் தேடி என் வீட்டுக்குத்தான் வருவார்கள். செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் விடணும், அவனுக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. செக் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு உங்கள் கணக்கு உள்ள கிளை இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம், கேரளாவுக்கு அலைய வேண்டாம். ஸ்டேஷனில் எல்லை பேசினால் எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள், அழுத்தமாகக் கேளுங்கள்.

பூவார், பொழியூர், விழிஞ்ஞம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் படகின் பின்பலகையில் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஃபைபர் ஒட்டு இருக்கும், மேலே அடித்த வெள்ளை மற்ற இடத்தோடு சேராமல் மஞ்சளாகத் தெரியும். கண்ணில் பட்டால் எதுவும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், இழுத்துப்போகும் வண்டியின் நம்பரோடு ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்கள்.