4,800 ரூபாய் தோசைக்கல்: கறுப்பைச் சுரண்டினால் தெரிந்தவை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் வழியில் ஒரு கடையில் 4,800 ரூபாய்க்கு விற்ற 12 அங்குல வார்ப்பிரும்பு தோசைக்கல் இது. அட்டையில் இருந்தவை: கஞ்சமலை இரும்பு, 5 மி.மீ. தடிமன், ஏழு முறை எண்ணெயில் பழக்கியது, இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஆகும், ஆயுள் முழுக்க உத்தரவாதம். நடந்தது: மூன்றாம் நாளே தோசையின் அடியில் கறுப்புச் செதில். பத்தாம் நாள் கல்லின் நடுவிலிருந்து மிளகளவு சாம்பல் நிறக் கட்டி ஒன்று பெயர்ந்து தோசையோடு வந்தது. கடையில் கேட்டால், "நீங்க சரியா பழக்கலைங்க, சோப்பு போட்டுத் தேய்ச்சிருப்பீங்க" என்று பதில். கையில் இருந்த ஆதாரம் முறையான பில் அல்ல, ஓர் எஸ்டிமேட் சீட்டு.

இதே மாதிரிக் கல் வேறு பெயரிலும் வேறு விலையிலும் கடைகளில் தொங்குகிறது. அதனால் அந்தக் கல்லை எடை போட்டு, அளந்து, சுரண்டிப் பார்த்ததில் தெரிந்ததை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் எடை. வார்ப்பிரும்பில் பொய் சொல்ல முடியாத ஒன்று இதுதான். ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 7.2 கிராம். 12 அங்குலக் கல்லின் விட்டம் 30 செ.மீ. கணக்குப் போட்டால், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு அரைக் கிலோ வரும். 10 அங்குலக் கல்லுக்கு 350 கிராம். இந்த இரண்டு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், கடைக்காரர் சொல்லும் தடிமனை அங்கேயே சரிபார்க்கலாம். 5 மி.மீ. என்றால், கைப்பிடி இல்லாமலே இரண்டரைக் கிலோ இருந்தாக வேண்டும். இந்தக் கல் காதுகள் எனப்படும் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து 1.8 கிலோ. மீதி இரும்பு எங்கே போனது? விளிம்பில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் 5 மி.மீ. சரியாகக் காட்டுகிறது. சூட்சுமமே அங்குதான். ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு மட்டும் தடிமனாக வார்த்துவிட்டு, நடுவை 2.7 மி.மீ. அளவுக்கு இளைக்க விட்டிருக்கிறார்கள். வாங்குபவர் தொட்டுப் பார்ப்பது விளிம்பைத்தானே.

நடு மெலிந்தால் என்ன? வார்ப்பிரும்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்று எல்லா விளம்பரமும் சொல்லும். அது தவறு. சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்துக்கு நாலில் ஒரு பங்குகூட வராது. அதன் பலம் வேறு: கனத்தால் சூட்டைத் தேக்கி வைக்கும். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சட்டென்று ஆறிப்போகாது, அதனால் மாவு ஒட்டுவதற்குள் அடி பொரிந்துவிடும். கனத்தைக் குறைத்தால் அந்த ஒரே பலமும் போச்சு. பர்னர் சுடர் படும் வட்டத்தில் தோசை கருகும், ஓரம் வெளுத்திருக்கும், இரண்டாவது தோசை ஒட்டும். கனமான கல்லையும் பெரிய தீயில் அவசரமாகக் காய்ச்சாமல், சிறு தீக்கும் நடுத் தீக்கும் இடையே ஏழெட்டு நிமிடம் காயவிட வேண்டும்.

அடுத்தது கறுப்பு. எண்ணெயில் பழக்கிய கல்லின் கறுப்பு பூச்சு அல்ல. மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் இறுகி இரும்போடு பிணைந்துகொண்டது. அது மங்கலாக, கொஞ்சம் பழுப்பு ஓடித்தான் இருக்கும். காதுகளின் உட்பக்கம், அடிப்பக்கத்து மூலை எல்லாம் ஒரே பளபளப்பில் மின்னினால் சந்தேகப்படுங்கள். உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துக் கறுப்பு ஒட்டினால் அது பெரும்பாலும் கிராஃபைட் தூள். துருப் பிடிக்காமலிருக்கத் தடவியது, கழுவினால் போய்விடும். உலர்ந்த துணியில் ஒன்றும் வராமல், நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சில் மட்டும் கறுப்பு இறங்கினால் அது பெயின்ட். இறுகிய எண்ணெய்ப் படலம் ரிமூவருக்குக் கரையாது. இந்தக் கல்லில் பஞ்சு கறுத்தது. அடுப்பில் வைத்தபோது எண்ணெய் புகையும் வாசனை வராமல், கதவுக்குப் பெயின்ட் அடித்த நெடி வந்ததும் அதனால்தான்.

பெயின்ட் ஏன் அடிக்கிறார்கள் என்பது அந்த மிளகளவு கட்டியில் இருக்கிறது. மண் அச்சில் ஈரம் கூடினாலோ, ஆவி வெளியேற வழி போதாமல் போனாலோ, உருகிய இரும்புக்குள் காற்று சிக்கிக் குழி விழும். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் இது அன்றாடச் சமாச்சாரம். நேர்மையான ஆலையில் அதை உடைத்து மறுபடி உலையில் போடுவார்கள். இங்கே இரும்புத்தூள் கலந்த எபாக்சி என்ற பிசினை அடைத்து, கார் டிங்கரிங்கில் செய்வதுபோலப் பட்டி பார்த்து, தேய்த்து, மேலே கறுப்பு அடித்துவிட்டார்கள். சாதாரண எபாக்சி 150 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். தோசை வார்க்கும் கல்லோ 200 டிகிரிப் பக்கம் நிற்கும். பட்டி பெயர்வது பயன்படுத்தியவர் தவறே அல்ல, அது பெயர்ந்தே தீரும். பெயின்ட்டை எடுத்த பிறகு சமைக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு அடைப்புகள் தெரிந்தன. அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு துளை இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. மாவு படும் பக்கத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

விரிசலைச் சோதிக்க, காதில் ஒரு விரலை மாட்டிக் கல்லைத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். நல்ல வார்ப்பு ணங்கென்று இழுக்கும். விரிசல் இருந்தால் டொக் என்று செத்துவிடும். சமதளத்தைப் பார்க்க ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிமிர்த்தி வையுங்கள். ஏ.டி.எம். அட்டையின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். அது ஸ்கேலுக்கு அடியில் தாராளமாக நுழைந்தால் கல் குழிந்திருக்கிறது. அடிப்பக்கத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும். இந்தக் கல்லின் அடி புடைத்திருந்தது, மேடையில் வைத்தால் ஆடியது. இண்டக்‌ஷன் கண்ணாடியில் இப்படி ஆடும் கல் ஒரு புள்ளியில் மட்டும் அமரும். சூடு சீராக ஏறாது, கண்ணாடியும் கீறும்.

கஞ்சமலை இரும்பு என்பதைக் கேட்டால் சேலத்துக்காரர்களுக்குப் பெருமைதான். சேலத்தை ஒட்டிய அந்த மலையில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது உண்டு. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார். எல்லாம் சரி, ஆனால் தோசைக்கல் வார்க்கும் ஃபவுண்டரி எதுவும் தாதுவை உருக்குவதில்லை. தாதுவை ஏற்கெனவே உருக்கி எடுத்த பிக் அயர்ன் கட்டியும் பழைய இரும்பும் உலைக்குப் போகும். சிலர் உருக்காலையின் பெயரையும் இழுப்பார்கள். சேலம் உருக்காலை எவர்சில்வர் தகட்டுக்குப் பேர்போனது, அதற்கும் வார்ப்பிரும்பு தோசைக்கல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு ஏமாற்று, இரும்புத் தகட்டை வெட்டி வார்ப்பிரும்பு என்று விற்பது. தகட்டுக் கல்லில் கைப்பிடி ரிவிட் அடித்தோ வெல்டிங் செய்தோ இருக்கும். வார்ப்பில் காதும் உடலும் ஒரே துண்டு, உருகிய இரும்பு ஊற்றிய வாயைத் தேய்த்த தடம் ஓரத்தில் தெரியும். அரத்தால் அடியில் இரண்டு இழுப்பு இழுத்தால் வார்ப்பிரும்பு கருந்தூளாக உதிரும். தகட்டுக் கல்லும் தோசைக்கு நல்ல கல்தான். வார்ப்பிரும்பு விலை கொடுக்காதீர்கள், அவ்வளவே.

அப்படியானால் விலை கூடிய கல்லே வீணா? இல்லை. கூடுதல் காசு கொடுக்கத் தகுந்தவை இரண்டு: குழியில்லாத கனமான வார்ப்பு, லேத்தில் கடைந்த மேற்பரப்பு. கடைசல் போட்ட கல்லில் வட்ட வட்டமாக மெல்லிய கோடு ஓடும், விரல் வைத்தால் வழுக்கும். மண் அச்சின் சொரசொரப்பை அப்படியே விட்ட கல்லும் ஆறு மாதத்தில் பழகிவிடும், முறுகலாக மெல்லிசாக இழுக்கத்தான் சிரமம். அமெரிக்காவில் 1896 முதல் இயங்கும் லாட்ஜ் நிறுவனத்தின் சட்டிகளே சொரசொரப்பானவை. அங்கே அவை மலிவுச் சரக்கு, இங்கே பெரிய விலை. எனாமல் பூசிய சட்டி வேறு வகை. அதன் பூச்சு கண்ணாடி, அதனால் புளிக்குழம்பு, தக்காளி எதையும் வைக்கலாம். பூசாத வார்ப்பிரும்பில் புளியைக் கொதிக்கவிட்டால் பழகிய படலம் கரையும், குழம்பும் கறுக்கும்.

ஏழு முறை பழக்கியது என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். வீட்டில் ஒரு மாலை வேலை அது. புதுக் கல்லைச் சுடுநீரும் சோப்பும் போட்டுக் கழுவி, அடுப்பில் இரண்டு நிமிடம் காயவிடுங்கள். அரை டீஸ்பூன் நல்லெண்ணெயைக் கல் முழுக்கத் தேய்த்து, வேறு உலர்ந்த துணியால் எண்ணெய் இருந்த சுவடே தெரியாமல் துடையுங்கள். நடுத் தீயில் புகை எழுந்து அடங்கும்வரை வைத்து ஆறவிட்டு, நாலைந்து முறை திரும்பச் செய்தால் போதும். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுப்பாக நிற்கும், பிறகு செதிலாக உரியும். தேங்காய் எண்ணெய் இறுகாது, அதைப் பழக்கப் பயன்படுத்த வேண்டாம். சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். ஏற்காட்டில் மூடுபனி நாட்களில் கழுவிய கல்லைக் கவிழ்த்து வைத்தாலே காலையில் செந்துரு தெரியும். அங்கே கழுவியவுடன் அடுப்பில் உலர்த்தி எண்ணெய் தொட்டு வைப்பது கட்டாயம்.

வாங்கும்போது எஸ்டிமேட் சீட்டை ஏற்காதீர்கள். ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேட்டு, அதில் வார்ப்பிரும்பு என்ற சொல்லையும் தடிமனையும் எடையையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பெயர்ந்த பட்டித் துண்டு, தராசில் எடை காட்டும் படம், அட்டை, பணம் அனுப்பிய விவரம் நான்கையும் பத்திரப்படுத்துங்கள்.

அதுவரை அந்தக் கல்லில் சமைக்க வேண்டாம். பட்டி அடைத்த கல்லுக்குப் பரிகாரம் கிடையாது: வெல்டிங் வைத்தால் பக்கத்தில் வெடிக்கும், லேத்தில் ஏற்றிக் கடைய 2.7 மில்லிமீட்டரில் இரும்பு மிச்சமில்லை. வழக்கு முடிந்ததும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். அங்கேயும் 1.8 கிலோவுக்குத்தான் காசு தருவார்கள்.