தையல் கடைக்கு சர்வோ மோட்டார்: மாட்ட ஏற்ற மாதம் ஆடி

ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை. ஸ்கூல் யூனிஃபார்ம் வேலையும் ஜூனோடு ஓய்ந்திருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி குவியும்வரை பிளவுஸ் தைக்கும் கடைக்கு நான்கு வாரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் செய்யத் தகுந்த செலவு, பவர் மிஷினின் பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு 550 வாட் சர்வோ மோட்டார் மாட்டுவது. விலை கிளட்ச் மோட்டாரைவிடக் கூடுதல்தான். ஆனாலும் தாராளமாக வாங்கலாம்.

கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் கார்க் தேய்ந்துவிட்டால், பெடலை மெல்ல அழுத்தினாலும் மிஷின் குதித்துக் கிளம்பும். சர்வோ, பெடலை அழுத்தினால் மட்டுமே சுற்றும். பிளவுஸ் வேலையில் ஊசி ஓடுகிற நேரத்தைவிட, கழுத்து வளைவைத் திருப்புவதற்கும் குறுக்காக வெட்டிய கிராஸ் பீஸ் பட்டையை மடிப்பதற்கும் போகிற நேரம்தான் அதிகம். அவ்வளவு நேரமும் மோட்டார் சும்மா இருப்பதால் கரண்ட் மிச்சம், சத்தமும் சூடும் குறைவு. அதைவிடப் பெரிய லாபம் வேகம் நம் காலுக்கு அடங்குவது. டாட் மடிப்பின் முனையில் ஒவ்வொரு தையலாக நடத்திப் போய் நிறுத்தலாம். பைப்பிங் வைப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

மாட்டுவது கஷ்டமில்லை. மேஜைக்கு அடியில் 3 போல்ட். பெரும்பாலும் பழைய துளைகளே பொருந்தும். மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியும், மிஷினின் கைச்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மேஜைத் துளையின் ஓரத்தில் உரசினால் பெல்ட் சீக்கிரம் பிய்ந்துவிடும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 1 செ.மீ. உள்ளே போகிற அளவு இறுக்கம் சரி. புல்லி அளவு மாறினால் பழைய பெல்ட் சேராது, கையோடு புதிது வாங்கிவிடுங்கள். தைக்கும் முன் சுற்றும் திசையைப் பாருங்கள்: கைச்சக்கரத்தின் மேல்பக்கம் தைப்பவரை நோக்கி வர வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் தையல் விழாது, பாபினைச் சுற்றி ஓடி நூலைப் பிடிக்கும் ஹூக்கில் நூல் சிக்கிக்கொள்ளும். திசை மாற்ற, சர்வோவோடு வரும் கன்ட்ரோல் பாக்ஸிலேயே செட்டிங் இருக்கும். அந்தப் பாக்ஸைத் திறக்க வேண்டியிருந்தால், பிளக்கைப் பிடுங்கி 5 நிமிஷமாவது கழித்துத் திறங்கள். உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஆயில். ஜூகி டிடிஎல்-8700 போன்ற மிஷின்களில் ஆயில் பம்ப் மிஷின் வேகத்தில்தான் எண்ணெயை மேலே ஏற்றுகிறது. சர்வோ கிடைத்த சந்தோஷத்தில் நாள் முழுக்க வேகத்தை நிமிஷத்துக்கு 1,000 தையலுக்கும் கீழே வைத்து ஓட்டினால் எண்ணெய் சரியாக ஏறாது. மேலே உள்ள கண்ணாடிக் கண்ணில் எண்ணெய் தெறிப்பது தெரியாமல் போனால் அதுதான் அடையாளம். கவனிக்காமல் விட்டால் மிஷின் கனத்து, ஹூக் தேயும். தினமும் காலையில் பாபினை எடுத்துவிட்டு, நூலை உருவி, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் வேகமாக ஓட விடுங்கள். ஆடியில் பல நாள் சும்மா கிடந்த மிஷினுக்கு, தொட்டியில் எண்ணெய் மேல்கோடு வரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 3,000 முதல் 3,500 வேகத்தில் 10 நிமிஷம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, இது விரலைப் பற்றியது. கிளட்ச் மோட்டார் உறுமுவதால் மிஷின் ஆனில் இருப்பது காதுக்குத் தெரியும். சர்வோ மௌனமாகக் காத்திருக்கும். ஊசியில் நூல் கோக்கும்போது கால் தெரியாமல் பெடலில் பட்டால் ஊசி விரலில் இறங்கிவிடும். நூல் கோக்கவும் ஊசி மாற்றவும் சுவிட்சை அணைத்தே ஆக வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வருஷக்கணக்கில் கிளட்ச்சில் பழகிய கால் மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முதலில் உச்ச வேகத்தை 1,500-ல் பூட்டி வெட்டுத்துணியில் ஓட்டுங்கள். கை பழகியதும் பிளவுஸுக்கு 2,500, நேர்த்தையலுக்கு 3,500 என்று ஏற்றிக்கொள்ளலாம். புது பெல்ட்டும் இந்த நாட்களில் கொஞ்சம் தளரும், ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டிவரும். ஐப்பசியில் மாட்டினால் இந்தத் தடுமாற்றமெல்லாம் கஸ்டமர் துணியில்தான் விழும்.

சர்வோவின் பலவீனம் கன்ட்ரோல் பாக்ஸுக்குள் இருக்கும் போர்டு. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் முதலில் போவது அதுதான். எர்த் சரியாக உள்ள 3 பின் பாயிண்டிலிருந்தே இணைப்புக் கொடுங்கள். பழைய மோட்டார் ஓடும் நிலையில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல், அதன் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டி, போர்டு போனால் மாட்டிக்கொள்ள வசதியாகத் தீபாவளி முடியும்வரை மேஜைக்கடியிலேயே வைத்திருங்கள்.