பேரிங்கா, வாஷரா? மலைத் தோட்டத்தில் பார்த்த வித்தியாசம்

ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு மிளகுத் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் கொடி, நடுவே காப்பி, வேலி ஓரத்தில் நான்கைந்து பலா. வாரநாட்களில் சேலத்தில் லேத் பட்டறை, சனிக்கிழமை ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அங்கே போய்விடுவேன். கொடிக்குக் கயிறு அறுக்க, சாக்குத் தையல் பிரிக்க, பலாப்பழம் பிளக்க என்று பாக்கெட்டில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். பொங்கலுக்கு அப்புறம் நல்ல ஃபிளிப்பர் கத்தி (அலகின் பின்பக்கம் நீட்டியிருக்கும் நாக்கை விரலால் தட்டித் திறப்பது) ஒன்று வாங்க முடிவு செய்தபோது என் முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, மைத்துனன் வைத்திருக்கும் ரஷ்யக் கத்தி, ஷிரோகோரோவ் நியான். இன்னொன்று, அமெரிக்காவின் ரிக் ஹிண்டரர் வடிவமைத்த எக்ஸ்எம்-18, மூன்றரை அங்குல அலகு. வாங்கியது ஹிண்டரர்.

டைட்டானியம் பிடி, ஃபிரேம் லாக் (பிடியின் ஒரு பட்டையே வளைந்து அலகைப் பூட்டுவது), நல்ல உருக்கு எல்லாம் இரண்டிலும் உண்டு. விலையும் இரண்டுக்கும் கூடுதல்தான். கிறிஸ் ரீவின் செபென்சாவை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். அது கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் கத்தி, ஃபிளிப்பர் இல்லை. எனக்குக் கையுறை போட்டபடியே ஆள்காட்டி விரலால் திறக்க வேண்டும்.

ஆக்‌ஷன் (அலகு திறந்து மூடும் ஓட்டம்) என்றதும் பலரும் பேரிங்கைத்தான் பேசுகிறார்கள். ஆனால் திறக்கும் வேகம் பிறப்பது டீடென்ட்டில். லாக் பாரில், அதாவது அந்தப் பூட்டும் பட்டையில், பதித்த பொடிக் குண்டு ஒன்று, அலகின் அடியில் உள்ள குழியில் உட்கார்ந்து அலகைப் பிடித்து வைத்திருக்கும். விரல் அழுத்தம் ஏறுகிற வரை அது விடாது. விட்டதும், சேர்ந்த அழுத்தம் மொத்தமும் அலகோடு போகும். உண்டிவில்லில் ரப்பரை இழுத்துப் பிடித்து விடுகிற மாதிரி. பிடிப்பு தளர்வாக இருந்தால், எந்தப் பேரிங் போட்டாலும் அலகு பாதி வழியில் நின்றுவிடும். இரண்டு கத்தியிலும் இந்தப் பிடிப்பு அருமை. நியானில் கொஞ்சம் மிருது, ஹிண்டரரில் கொஞ்சம் அழுத்தம். எனக்கு இரண்டும் சம்மதம்.

வித்தியாசம் தெரிவது மூடும்போது. ஷிரோகோரோவில் குண்டுகளைப் பல வரிசையாக அடுக்கிய பேரிங் வருகிறது. லாக்கை விரலால் தள்ளினால் போதும், அலகு சத்தமே இல்லாமல் தன் எடையிலேயே இறங்கும். மூன்று வாரம் என்னிடம் இருந்தது, கீழே வைக்க மனம் வரவில்லை. அலகு சுழலும் ஆணியான பிவட்டை இறுக்கினாலும் வேகம் குறையாது, அலகு பக்கவாட்டில் ஆடவும் ஆடாது. புதுக் கத்தியாக எடுத்து வைத்துப் பார்த்தால் நியான் பக்கம்தான் சாய்வேன்.

ஆனால் என் கத்திக்குப் பலாப்பாலும் மலைச் சாரலும் பட்டறைத் தூசியும் சேர்ந்து வாய்க்கின்றன. எங்கள் பட்டறை மாமாங்கம் பக்கம். மேக்னசைட் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைத் தூசி, காற்றடிக்கும் நாளில் மேசைமேல் மாவு தூவினாற்போலப் படியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பேரிங் கத்தி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பலா அறுத்தேன், திங்கட்கிழமை பட்டறையில் வைத்திருந்தேன். பாலும் தூசியும் கலந்து பிவட்டுக்குள் பசையாக இறுகிவிட்டது. திறந்தால் கரகரவென்று சத்தம், பழைய சைக்கிள் ஹப் மாதிரி.

பிரித்தேன். குண்டுகளைப் பிடித்து வைக்கும் கூடு இல்லாமல், பிடியில் வெட்டிய பள்ளத்திலேயே குண்டுகள் உட்காரும் வகை அது. ஒவ்வொரு குண்டாக இடுக்கியில் எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்று நழுவி லேத்துக்குக் கீழே சுருள் தட்டில் விழுந்துவிட்டது. காந்தத்தை விட்டுத் தேடினேன், குண்டோடு கிலோக் கணக்கில் இரும்புச் சுருளும் ஒட்டிக்கொண்டு வந்தது. குண்டு கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கூடு உள்ள பேரிங்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு குண்டும் பள்ளத்தை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது, அந்தப் புள்ளியில் ஒரு துகள் சிக்கினாலே விரலுக்குத் தெரிந்துவிடும் என்பது எல்லாப் பேரிங்குக்கும் பொது.

ஹிண்டரரை எடுக்கக் காரணம் இதுதான். எக்ஸ்எம்-18இல் ட்ரை-வே பிவட் என்று ஒன்று உண்டு. பேரிங், பாஸ்பர் பிரான்ஸ் வாஷர், டெஃப்லான் வாஷர், மூன்றில் எதை வேண்டுமானாலும் அதே கத்தியில் போட்டுக்கொள்ளலாம். நான் பேரிங்கைக் கழற்றிவிட்டு பிரான்ஸ் வாஷர் போட்டேன். வாஷர் தட்டையாக, பரப்பு முழுவதும் தேய்ந்து ஓடுவது. ஒரு துகள் புகுந்தால் பிரான்ஸில் அழுந்திக்கொள்ளும், அல்லது கிரீஸோடு ஓரத்துக்கு ஒதுங்கும். கன்மெட்டல் புஷ் (அச்சு சுழல வைக்கும் வெண்கலக் குழல்) போட்ட பழைய மெஷின்கள் தூசியில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதில்லை.

வாஷருக்கு வேலை உண்டு, மறைக்க மாட்டேன். போட்ட அன்று அலகு சோம்பலாகத்தான் திறந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் வைத்து, இரண்டு வாஷரையும் எட்டு வடிவில் தேய்த்து மினுக்கினேன். பிவட்டில் கை வைப்பதும் நுணுக்கமான காரியம். ஒரு முடி அதிகம் இறுகினால் அலகு பாதியில் நிற்கும், ஒரு முடி தளர்ந்தால் பக்கவாட்டில் ஆடும். சரியான இடம் வந்ததும் திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. இரண்டு மாதம் திறந்து மூடித் திறந்து மூடி, வாஷர் தன் பாதையைத் தானே தேய்த்துக்கொண்டது. இப்போது லாக்கை விட்டால் அலகு முக்கால்வாசி தானாக இறங்குகிறது, மீதிக்கு மணிக்கட்டை லேசாக அசைத்தால் போதும். நியானின் அந்த மௌனம் இதில் வராது.

"மாமா, இவ்வளவு காசு கொடுத்து வாங்கி அதையும் தேய்க்கணுமா?" என்றான் மைத்துனன். அவன் கத்தி சேலம் வீட்டு மேசையில் கொரியர் கவர் பிரிக்கிறது. அந்த வேலைக்கு அதைவிட நல்ல ஆக்‌ஷன் நான் தொட்டதில்லை.

என் கத்தி போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பலா அறுத்தது. பால் பிவட் ஓரத்தில் வழிந்திருந்தது. பிரிக்கவில்லை. ஓரத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடி, துணியால் துடைத்தேன். பத்து நிமிஷத்தில் பழைய ஓட்டம் வந்துவிட்டது.

டெஃப்லான் வாஷர் ஜோடி இன்னும் டப்பாவில் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதையும் ஒரு மாதம் போட்டுப் பார்க்க வேண்டும்.