ஏற்றத்தில் வழுக்கிய எஞ்சினும் ஒரு பாக்கெட் ரப்பர் வளையமும்

கிருஷ்ணகிரி நகருக்கு இன்று ரயில் நிலையம் கிடையாது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து வந்த குறுகிய அகல ரயில் பாதையும் மறைந்து பல காலமாகிறது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தானோ என்னவோ, தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையிலுள்ள மலைப்பாதையை எங்கள் வீட்டு மாடி அறையில் மாதிரி ரயில் பாதையாக 1:87 அளவில், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் அமைத்து வருகிறேன். அறையில் இடம் போதாததால் மீட்டருக்கு 3 சென்டிமீட்டர் வீதம் உயரும்படி ஏற்றத்தை வைக்க நேர்ந்தது. அங்கே, 320 கிராம் எடையுள்ள என் ஆறு அச்சு டீசல் எஞ்சின் ஆறு பெட்டிகளுக்கு மேல் மாட்டினால் சக்கரங்களைச் சுழற்றியபடி நின்ற இடத்திலேயே நின்றது.

மோட்டாரில் வலு இல்லை என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் சக்கரம் வழுக்குகிறது என்றாலே மோட்டாரில் வலு மிச்சம் இருக்கிறது, தண்டவாளத்தில் பிடிப்புத்தான் போதவில்லை என்று பொருள். இழுவை என்பது சக்கரத்தின் மேல் உள்ள எடையையும் உராய்வையும் பொறுத்தது. உலோகத்தின் மேல் உலோகம் உருளும்போது அந்த உராய்வு குறைவு, ரப்பருக்கு அது அதிகம். கவிழ்த்துப் பார்த்தபோது, ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும் ரப்பர் வளையம் மாட்டுவதற்கான பள்ளம் இருப்பதும், பழைய வளையங்கள் இறுகி உடைந்து உதிர்ந்துவிட்டதும் தெரிந்தது.

இணையத்தில் வாங்கிய பாக்கெட்டில் பத்து ட்ராக்‌ஷன் டயர்கள், அதாவது பிடிப்புக்கான அந்த ரப்பர் வளையங்கள், இருந்தன. எல்லாம் ஒரே அளவு என்று உறையில் அச்சிட்டிருந்தும், வெர்னியரில் அளந்தால் மூன்று வளையங்கள் மற்றவற்றைவிடத் தடித்திருந்தன. ஒரே அச்சில் தடித்ததும் மெலிந்ததும் சேர்ந்தால் எஞ்சின் தள்ளாடும் என்பதால் அவற்றை ஒதுக்கினேன்; விற்றவருக்கு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை. வளையம் பள்ளத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறியதாக இருந்து, லேசாக இழுபட்டு உட்கார வேண்டும். பள்ளத்தைச் ஆல்கஹால் திரவத்தால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய பின், குண்டூசியின் மழுங்கிய முனையால் மெல்ல ஏற்றினேன்; முதல் வளையம் முறுக்கிக்கொண்டது, இரண்டாவது சரியாக அமர்ந்தது.

அதே ஏற்றத்தில் இப்போது எட்டுப் பெட்டிகள் வழுக்காமல் ஏறுகின்றன. ஒன்பதாவதை மாட்டியபோது வளைவில் நடுப்பெட்டி உட்பக்கமாகச் சாய்ந்து தடம் புரண்டது. அது வளையத்தின் குற்றமன்று, வளைவின் குற்றம்.

இந்த ஆதாயத்துக்கு விலையும் உண்டு. எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரங்கள் வழியாகவே வருகிறது; ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பன்னிரண்டு சக்கரங்களில் இரண்டு போனால் பத்து மிஞ்சுகிறது என்பதால் என் எஞ்சினுக்கு அது பெரிய இழப்பில்லை, ஆனால் நான்கு சக்கரங்களே உள்ள சிறு ஷண்டிங் எஞ்சினில் (நிலையத்தில் பெட்டிகளை இடம் மாற்றும் எஞ்சின்) இதையே செய்தால், தடம் பிரியும் பாயிண்ட்களின் மேல் மெதுவாகப் போகும்போது நின்றுபோகும். மேலும், வழுக்குவதே மோட்டாருக்கு ஒரு காவல். பிடிப்பு கூடிய பின் பெட்டி எங்காவது சிக்கினால் சக்கரம் சுழலாது, மோட்டார்தான் சூடேறும். பிடிப்புள்ள ரப்பர் தூசியையும் பிடிக்கும். கிரானைட் அறுக்கும் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் வாரம் ஒரு முறை துடைக்காவிட்டால் அந்தக் கருமை தண்டவாளம் முழுவதும் பரவுகிறது.

பள்ளம் இல்லாத சக்கரத்துக்கு இதை வாங்க வேண்டாம். மேலே மாட்டினால் அந்தச் சக்கரம் மட்டும் பெரிதாகி மற்றவற்றைத் தூக்கிவிடும். அத்தகைய என் இன்னோர் எஞ்சினுக்கு, டயர் கடையில் கேட்டு வாங்கிய வீல் பேலன்சிங் ஈயக் கட்டிகளைக் கூட்டின் உட்புறம், இரு போகிகளுக்கும் (அச்சுகளைத் தாங்கும் சட்டங்கள்) சமமாக எடை விழும்படி ஒட்டினேன். மின்னிணைப்பு எதையும் இழக்காமலே அது ஒரு பெட்டி கூடுதலாக இழுக்கிறது. கடைக்காரர் அந்தக் கட்டிகளுக்குக் காசு வாங்கவில்லை. எந்த வண்டிக்கு என்று மட்டும் கேட்டார்.