"கை பட்டாலே நின்றுவிடும்" என்று சொல்லி விற்கப்பட்ட டேபிள் சா

"கை பட்டாலே நின்னுடும் சார், ஆட்டோ பிரேக் இருக்கு." போன வருஷம் என் பட்டறைக்கு டேபிள் சா (மேசையின் நடுவில் வட்ட பிளேடு சுற்றும் மரம் அறுக்கும் மெஷின்) வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்னது இது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். 4 மாதம் கழித்து, என்னிடம் வேலை பார்க்கும் தம்பிக்கு இடது ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது.

அன்று தேக்கு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) கிழித்துக்கொண்டிருந்தான். சரியாகக் காயாத மரம். பாதி தூரம் போனதும் அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைக் கவ்விவிட்டது. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறி வருபவை. கட்டையைத் தூக்கி அவன் வயிற்றிலேயே அடித்தன. அதை அணைத்துப் பிடித்திருந்த கையும் சேர்ந்து பிளேடுக்குள் இழுபட்டது. பிளேடு நிற்கவே இல்லை. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன்.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த 'ஆட்டோ பிரேக்' வெறும் மோட்டார் பிரேக். ஸ்விட்சை அணைத்த பிறகு பிளேடு சும்மா சுற்றிக்கொண்டிருக்காமல் சீக்கிரம் நிற்பதற்காக வைத்தது. பட்டது விரலா மரமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அணைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன், முழுதாக நிற்க 4 வினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும் பிளேடு அதற்குள் 100 சுற்றுக்கு மேல் சுற்றிவிடும்.

கை பட்டால் நிற்கும் மெஷின் உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்தது, சாஸ்டாப் என்று பெயர். பிளேடில் மிகச் சிறிய மின் சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால் தோல் பட்டதும் அந்த சமிக்ஞை மாறும். உடனே ஒரு ஸ்பிரிங் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் தள்ளும், பிளேடும் மேசைக்குக் கீழே இறங்கிவிடும். எல்லாம் 5 மில்லி வினாடிக்குள். அதாவது ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்குதான். பெரும்பாலும் சின்னக் கீறலோடு தப்பித்துவிடலாம். ஒரு தடவை வேலை செய்துவிட்டால் அந்தக் கட்டையும் ஸ்பிரிங்கும் அடங்கிய பிரேக் கார்ட்ரிட்ஜை மாற்றியாக வேண்டும், பெரும்பாலும் பிளேடையும். அதனால் யாராவது "கை பட்டா நிற்கும்" என்றால், "அந்தக் கார்ட்ரிட்ஜ் எங்கே இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

எனக்கு ஆறவே ஆறாதது வேறொன்று. கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டபோது, உள்ளே இருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார்கள். பிளேடின் மேல் மூடும் பாதுகாப்பு மூடியும் ரிவிங் நைஃபும் அதில் இருந்தன. என் மெஷினோடு வந்தவைதான். "இதெல்லாம் வேலைக்கு இடைஞ்சல் சார், யாருமே மாட்ட மாட்டாங்க" என்றார் கடைக்காரர். ரிவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால், அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் மெல்லிய இரும்புத் தகடு. அறுத்த இடைவெளி மூடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு தகடுதான். வாங்கும்போதே கையேட்டில் உள்ள பாகங்களை நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்க வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

இன்னொன்று. துண்டான நுனியைப் பதற்றத்தில் நேரடியாக ஐஸில் போட்டுவிட்டோம். அது தப்பு என்று டாக்டர் சொன்னார். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். தம்பியின் நுனியை ஒட்டவைக்க முடியவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் இப்போது, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். பில்லில் 'மரம் அறுக்கும் மெஷின் 1' என்று மட்டும்தான் இருக்கிறது. கடைக்காரர் வாயால் சொல்லும் ஒவ்வொரு பாதுகாப்பு வசதியையும் பில்லில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு பணம் கொடுங்கள்.